அம்மா கைக்குப் போகும் பழைய போன்

சட்டை அண்ணனிடமிருந்து தம்பிக்கு வரும். போன் மட்டும் பிள்ளையிடமிருந்து அம்மாவுக்குப் போகும். மகளோ மகனோ புதுசு வாங்கியதும் பழையது அம்மாவுக்கு, அம்மாவிடம் இருந்தது பெரியப்பாவுக்கு என்று எத்தனையோ வீடுகளில் இதுதான் வழக்கம். “நல்ல போன்மா, கேமரா அருமையா இருக்கும், வெச்சுக்கோங்க” என்று சொல்லி, சிம்மை மாற்றிப் போட்டு, வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டிவிட்டு ராத்திரி பஸ்ஸைப் பிடித்துவிடுகிறோம்.

அந்த போனில் இருக்கும் ஒவ்வொரு செட்டிங்கும் நம் கண்ணுக்கும் நம் விரலுக்கும் நாம் வைத்தது. எழுத்து சின்னது, திரை அரை நிமிடத்தில் அணைந்துவிடும், பட்டனே இல்லாமல் எல்லாம் விரலால் தள்ளுவதுதான். அறுபது வயதைத் தாண்டியவர் கையில் அது முரண்டு பிடிக்கும்போது அவர் போனைக் குறை சொல்வதில்லை. “எனக்கு இதெல்லாம் வராதுப்பா” என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. வராததற்குக் காரணம் பெரும்பாலும் அவர் கிடையாது, நாம் மாற்றாமல் விட்ட நாலைந்து செட்டிங்குகள். ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை அது.

கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ அல்லது ‘செக்யூரிட்டி’ பகுதியில் போனின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட் எந்தத் தேதியோடு நிற்கிறது என்று பாருங்கள். 2023-இல் வந்த பிக்சல் 8, 2024-இல் வந்த சாம்சங் எஸ்24 போன்றவற்றுக்கு 7 ஆண்டு அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய போன்கள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அப்டேட் நின்று இரண்டு மூன்று வருஷம் ஆகிவிட்ட போனில் பாட்டு கேட்கலாம், வீடியோ காலில் பேரனைப் பார்க்கலாம். பென்ஷன் வரும் கணக்கை அதில் இணைக்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். அதேபோல் பின்பக்க மூடி லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜில் போடவே கூடாது.

அப்புறம் ஃபேக்டரி ரீசெட், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து போனைப் புதுசுபோல ஆக்குவது. படங்களை மட்டும் அழித்துவிட்டுக் கொடுப்பது போதாது. உங்கள் கூகுள் கணக்கு உள்ளேயே இருந்தால் அம்மா எடுக்கும் கோலத்துப் படம் உங்கள் கூகுள் போட்டோஸில் வந்து விழும், உங்கள் ஆபீஸ் நண்பர்களின் நம்பர் எல்லாம் அவர் கான்டாக்ட்ஸில் நிற்கும். வங்கி ஆப், யுபிஐ ஆப், ஓடிபி தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் எல்லாவற்றையும் புதுப் போனுக்கு மாற்றியாகிவிட்டதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். பிறகு கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் கொடுங்கள். கணக்கை நீக்காமல் வேறு வழியில் ரீசெட் ஆகிவிட்டால், பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு போன் அடம்பிடிக்கும். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. அம்மா பெயரில் தனியாக ஒரு கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டை அவர் ரேஷன் கார்டும் பாஸ்புக்கும் வைத்திருக்கும் பையிலேயே ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை எழுதவே கூடாது என்பார்கள். பீரோவுக்குள் இருக்கும் தாளை எடுத்துப் போகிறவர்கள் குறைவு, மறந்த பாஸ்வேர்டால் அவதிப்படுகிறவர்கள்தான் அதிகம் என்பது என் கட்சி.

இனிமேல் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். போன் அவர் கையில் இருக்க வேண்டும், தொடுவது அவர் விரலாக இருக்க வேண்டும். பிடுங்கி வைத்துக்கொண்டு நாமே மாற்றிக் கொடுத்தால் அடுத்த வாரம் ஏதாவது மாறினால் அவருக்கு ஒன்றும் புரியாது.

எல்லாவற்றிலும் முக்கியம் என்று நான் நினைப்பது கீழே இருக்கும் மூன்று பட்டன்கள். இப்போதைய போன்களில் ‘பின்னால் போக’ ஓரத்திலிருந்து விரலை இழுக்க வேண்டும், ‘முகப்புக்குப் போக’ கீழிருந்து மேலே தள்ள வேண்டும். நமக்குப் பழகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இழுக்கச் சொன்னால் அவர் எதை இழுப்பார்? செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் ‘நேவிகேஷன்’ என்று தேடினால் மூன்று பட்டன் முறை வரும், அதைப் போட்டுவிடுங்கள். வழி தெரியாமல் எங்கோ மாட்டிக்கொண்டால் நடுப் பட்டனை அழுத்தினால் வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற தைரியம் இருந்தாலே பாதி பயம் போய்விடும். அந்தத் தேடல் பெட்டியையும் அவருக்குக் காட்டுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி செட்டிங்ஸின் அமைப்பு வேறாக இருப்பதால், எதற்குள் எது இருக்கிறது என்று மனப்பாடம் செய்வதில் பயனில்லை. தேடினால் கிடைத்துவிடும்.

எழுத்தின் அளவுக்கு வருவோம். ஃபான்ட் சைஸ் ஒன்று, டிஸ்ப்ளே சைஸ் இன்னொன்று. முதலாவது எழுத்தை மட்டும் பெரிதாக்கும், இரண்டாவது பட்டன், படம் எல்லாவற்றையும் சேர்த்து ஊதும். இரண்டையும் உச்சத்துக்குத் தள்ளினால் தமிழ் வார்த்தைகள் பட்டனுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்படும். ஃபான்ட் சைஸை இரண்டு படி ஏற்றி, ‘போல்ட்’ இருந்தால் அதையும் போட்டு, டிஸ்ப்ளே சைஸை ஒரு படியோடு நிறுத்துவது தமிழுக்குச் சரியாக வருகிறது. சின்ன எழுத்தில் வயதான கண்ணுக்கு முதலில் மறைந்துபோவது மெய்யெழுத்தின் புள்ளி. அவர்கள் வாட்ஸ்அப் செய்தியை எழுத்துக்கூட்டித் தடவிப் படிக்கிறார்கள் என்றால் காரணம் பல நேரம் இதுதான். போல்ட் போட்டதும் வேகம் கூடுவதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். திரை அணையும் நேரத்தை 2 நிமிடமாவது வையுங்கள். ஒரு செய்தியைப் படித்து முடிப்பதற்குள் இருட்டிவிட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

பலரும் தொடாத ஒரு இடம் ‘அக்சஸிபிலிட்டி’. அதில் ‘டச் அண்ட் ஹோல்ட் டிலே’ என்று ஒன்று உண்டு. விரலை எவ்வளவு நேரம் வைத்திருந்தால் அதை ‘அழுத்திப் பிடித்ததாக’ போன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அது. பெரியவர்கள் நம்மைப் போலச் சட்டென்று தட்டிவிட்டு விரலை எடுப்பதில்லை, நிதானமாக வைத்து எடுப்பார்கள். அதற்குள் போன் அழுத்திப் பிடித்ததாக நினைத்துக்கொண்டு ஐகானை நகர்த்தும், ‘அழிக்கவா’ என்று கேட்கும். முகப்பிலிருந்து வாட்ஸ்அப் காணாமல் போவது இப்படித்தான். அந்த நேரத்தை ‘லாங்’ என்று மாற்றுங்கள். சாம்சங், ஷாவோமி போன்ற போன்களில் முகப்புத் திரையின் அமைப்பையே பூட்டும் வசதி இருக்கிறது, அதையும் போட்டுவிட்டால் ஐகான் இடம் மாறாது.

கைரேகைப் பூட்டு வைத்துக் கொடுத்துவிட்டு, ‘திறக்கவே மாட்டேங்குது’ என்ற புகாரைக் கேட்காத பிள்ளைகள் உண்டா? பாத்திரம் தேய்த்து, மாவு பிசைந்து, வயலில் களை எடுத்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடை மெஷினில் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் அதே அவஸ்தைதான் இது. ஒரே கட்டைவிரலை இரண்டு முறை பதியுங்கள், மற்ற கையின் கட்டைவிரலையும் சேருங்கள். அதற்கும் மசியாவிட்டால் விட்டுவிட்டு, பின் நம்பரோடு நின்றுவிடலாம். 1234-ம் பிறந்த வருஷமும் மட்டும் வேண்டாம்.

அடுத்தது என் அம்மா விஷயத்தில் நான் கண்ணால் பார்த்தது. எப்போது கூப்பிட்டாலும் ‘ஸ்விட்ச்டு ஆஃப்’ என்று வரும், கேட்டால் “நான் ஆஃபே பண்ணலையே” என்பார். ஊருக்குப் போனபோது கவனித்தேன். போனைக் கையில் எடுத்ததும் கண்ணாடியைத் துடைப்பதுபோல முந்தானையால் திரையை மேலிருந்து கீழாக இரண்டு இழுப்பு இழுத்துத் துடைக்கிறார். விரல் துணிக்கு வெளியே வந்து பட்டதும் மேலிருந்து வைஃபை, டார்ச் பட்டன்கள் இருக்கும் அந்தக் குறுக்குவழிப் பலகை இறங்குகிறது, அடுத்த இழுப்பில் ஏரோபிளேன் மோடு விழுகிறது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, கவனிக்க ஒரு சத்தமும் வராது. சத்தம் வராமல் போகும் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ சங்கதியும் பல வீடுகளில் இதே கதைதான். மருந்து எளிது. அந்தப் பலகையின் பென்சில் குறியைத் தொட்டு, ஏரோபிளேன் மோடு, டூ நாட் டிஸ்டர்ப், மொபைல் டேட்டா மூன்றையும் முதல் வரிசையிலிருந்து எடுத்துக் கடைசிக்குத் தள்ளி, முன்னால் டார்ச்சை வைத்துவிட்டேன். பூட்டிய திரையில் அந்தப் பலகையே இறங்காதபடி செய்யும் வசதி சில போன்களில் இருக்கிறது, இருந்தால் அதையும் போடுங்கள். முந்தானையால் துடைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் நாற்பது வருஷமாகச் செய்யும் காரியத்தை ஒரு போனுக்காக ஏன் மாற்ற வேண்டும்?

சித்தி வீட்டில் வேறு பிரச்சினை. அவர் போனில் மணிக்கு நாலு தடவை சிவப்பு முக்கோணத்தோடு ‘உங்கள் போனில் வைரஸ், உடனே சுத்தம் செய்யவும்’ என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. தெருமுனை மொபைல் கடைக்காரர் போனையே அழித்துப் போட்டால்தான் சரியாகும் என்று சொல்லிவிட்டாராம். அது வைரஸே இல்லை.

“சித்தி, அந்த அறிவிப்பை அப்படியே அழுத்திப் பிடிங்க. கீழ என்ன பேர் தெரியுது?”

“குரோம்னு போட்டிருக்கு. அதுக்குப் பக்கத்துல ஏதோ வாயில நுழையாத பேரு.”

அந்த வாயில் நுழையாத பெயர்தான் ஆள். எப்போதோ சீரியல் பார்க்க ஒரு தளத்துக்குப் போயிருப்பார், ‘அறிவிப்பு அனுப்பலாமா’ என்று அது கேட்டிருக்கும், பெட்டி மறைந்தால் போதும் என்று ‘அலவ்’ கொடுத்திருப்பார். அன்றிலிருந்து குரோம் வழியாக அந்தத் தளம் விளம்பரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. குரோமின் மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி வாங்கிய தளங்களெல்லாம் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாகத் தடுத்துவிட்டு, மேலே இருக்கும் ஸ்விட்சையே அணைத்துவிட்டால் இனி எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்ப முடியாது. கம்ப்யூட்டரில் செட்டிங்ஸின் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’க்குள் இதே சைட் செட்டிங்ஸ் இருக்கும். அந்தச் சிவப்பு அறிவிப்பைத் தொட்டிருந்தால் தேவையில்லாத ‘கிளீனர்’ ஆப் ஒன்று இறங்கியிருக்கும். சித்தி தொடவில்லை, சந்தேகப்பட்டு எடுத்து வைத்திருந்தார். அந்தச் சந்தேகம்தான் எந்த செட்டிங்கையும் விட உருப்படியானது, அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

‘இடமில்லை’ என்ற புலம்பலுக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும், காலை வணக்கம். பூவும் விளக்கும் முருகனும் போட்ட படங்கள், அவற்றோடு வீடியோக்கள். அது இப்போது போனோடு நிற்பதில்லை. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் 2024 முதல் கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்தில் கணக்காகிறது. அந்த 15 ஜிபிதான் ஜிமெயிலுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்து. அது நிரம்பினால் மெயில் வருவது நின்றுவிடும். அதாவது குடும்பக் குரூப்பில் சுற்றும் வீடியோவால், அப்பாவுக்கு வங்கியிலிருந்து வர வேண்டிய ஸ்டேட்மென்ட் வராமல் போகலாம்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ போய், தானாக இறங்கும் படம், வீடியோ எல்லாவற்றின் டிக்கையும் மொபைல் டேட்டாவுக்கும் வைஃபைக்கும் எடுத்துவிடுங்கள். வேண்டிய படத்தைத் தொட்டால் அது மட்டும் இறங்கும். ‘சாட்ஸ்’ பகுதியில் மீடியா விசிபிலிட்டியை அணைத்தால் கேலரிக்குள் அந்தப் படங்கள் நுழையாது, கேமராவில் எடுத்த பேரன் படமும் கல்யாணப் படமும் மட்டும் கேலரியில் இருக்கும். பேக்கப்பில் ‘வீடியோவையும் சேர்’ என்பதை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே சேர்ந்த குப்பைக்கு ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ இருக்கிறது. 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்டு ஆனவை என்று பிரித்தே காட்டும். அழிக்கும் முன் அவரிடம் காட்டிவிட்டு அழியுங்கள். போன வருஷம் தவறிப்போன ஒருவரின் குரல் பதிவு அதில் இருக்கலாம்.

பணம் சம்பந்தப்பட்டதை இனியும் தள்ளிப்போட வேண்டாம். இப்போது கல்யாணப் பத்திரிகை என்றும், டிராஃபிக் அபராதம் என்றும், கரன்ட் பில் பாக்கி என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வருகிறது. பெயரின் கடைசியில் ‘ஏபிகே’ என்று இருக்கும். தொட்டால் அது ஒரு ஆப்பாக உட்கார்ந்து எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியை எவனுக்கோ அனுப்பும். தெரிந்தவர் நம்பரிலிருந்தே வருவதுதான் இதில் கொடுமை. அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-லிருந்து, வெளியிலிருந்து ஆப் இறக்கும் அனுமதி ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாக இருக்கிறது. செட்டிங்ஸின் தேடலில் ‘இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்’ என்று தேடி, வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் எல்லாவற்றுக்கும் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளே ஸ்டோரில், ஆப்களைச் சோதித்துப் பார்க்கும் பிளே புரொடெக்ட் இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

வாட்ஸ்அப்பின் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ ஆறு இலக்க நம்பர் ஒன்றைக் கேட்கும். போட்டுவைத்தால், யாராவது அவரிடம் ஓடிபியை ஏமாற்றி வாங்கினாலும் கணக்கைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பிரைவசியில் ‘யார் குரூப்பில் சேர்க்கலாம்’ என்பதை ‘மை கான்டாக்ட்ஸ்’ என்று வைத்தால் ஷேர் மார்க்கெட் குரூப்புகள் அவரை இழுக்காது. ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலை அவசியம் திறந்து பாருங்கள். ஜெராக்ஸ் கடையில் ஆதார் பிரின்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப்பில் நுழைந்துவிட்டு வெளியே வராமல் வந்திருப்பார்கள். அங்கே பெயர் தெரியாத விண்டோஸ் கம்ப்யூட்டர் ஏதாவது நின்றால் உடனே லாக் அவுட். பூட்டிய திரையில் எஸ்எம்எஸ்ஸின் உள்ளடக்கம் தெரியாதபடி மறைத்துவிடுங்கள், ஓடிபி அங்கேதான் பளிச்சென்று வரும்.

யுபிஐக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் வாயாலேயே சொல்ல வைப்பேன்: பணம் வாங்க பின் போட வேண்டியதில்லை. பணம் வாங்கும்போது பின் கேட்டால் பணம் போகப்போகிறது. ஏமாந்துவிட்டால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ உடனே கூப்பிட வேண்டும், பிள்ளைகளிடம் சொல்ல வெட்கப்பட்டு ராத்திரி வரை உட்கார்ந்திருக்கக் கூடாது. சீக்கிரம் சொன்னால்தான் போன பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. அதனால்தான் அவரைத் திட்டக் கூடாது என்கிறேன். திட்டு வாங்குவோம் என்று பயந்தால் மறைப்பார்.

கம்ப்யூட்டரையும் ஒரு கை பார்த்துவிடலாம், பழைய லேப்டாப் அப்பாவுக்குப் போவதும் இப்படித்தானே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆகவே 11-க்கு ஏறுமா என்று முதலில் பாருங்கள். மவுஸ் அம்பைப் பெரிதாக்கி, கறுப்பாகவோ மஞ்சளாகவோ நிறம் மாற்றிக் கொடுங்கள். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் திரையே பூதக்கண்ணாடி ஆகிவிடும். இதைக் காட்டினால் அப்பாக்கள் அடையும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ போய் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதி தெரியும்படி செய்யுங்கள். விண்டோஸ் அதை மறைத்து வைத்தே தருகிறது. ‘பில்.பிடிஎஃப்’ என்று தெரிவது உண்மையில் ‘பில்.பிடிஎஃப்.எக்ஸி’யாக இருக்கலாம், ஏபிகே வேலையின் கம்ப்யூட்டர் வடிவம் அது.

அப்பாவுக்கு எழுதும் பழக்கம் இருந்தால் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுங்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு, விண்டோஸின் மொழி செட்டிங்ஸிலேயே இருக்கிறது. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். க-வை இரண்டு தடவை தட்டினால் புள்ளியைத் தானே போட்டு ‘க்க’ ஆக்கிக்கொள்ளும். ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழை அடிப்பதை விட, தமிழில் மட்டுமே யோசிக்கிறவருக்கு இது சீக்கிரம் பிடிபடும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்ந்தால் மொழி மாறும். போனில் அந்தப் பாடெல்லாம் வேண்டாம், கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து மைக்கைத் தொட்டுப் பேசச் சொல்லுங்கள். ‘நல்லா இருக்கியா, சாப்டியா’ தானாக எழுத்தாகி நிற்கும்.

கிளம்பும் முன் இன்னும் இரண்டு மூன்று. 1909-க்கு அழைத்து விளம்பர அழைப்புகளைத் தடுக்கப் பதியுங்கள், வங்கிச் செய்திகள் அதனால் நிற்காது. உங்கள் நம்பரையும் பக்கத்து வீட்டு நம்பரையும் தொட்டால் நேரடியாக அழைப்பு போகும் விட்ஜெட்டாக, முகம் தெரியும் படத்தோடு முகப்பில் வையுங்கள். அவசரகாலத் தகவலில் ரத்தப் பிரிவு, சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் பெயரைப் போடுங்கள், பூட்டைத் திறக்காமலே மற்றவர்கள் பார்க்கலாம். கடைசியாக, டயல் செய்யும் இடத்தில் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அடித்தால் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண் இருக்கும், இரண்டையும் பாஸ்வேர்டு எழுதிய அதே தாளில் எழுதுங்கள். பஸ்ஸிலோ கோயில் கூட்டத்திலோ போன் தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு, 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து எந்த சிம்மும் வேலை செய்யாதபடி போனை முடக்கலாம். பில்லும் டப்பாவும் உங்களிடம்தான் இருக்கும், அவற்றை போட்டோ எடுத்து அவர் மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள்.